டெலோரியன் யாருக்குப் போனது

திங்கள் இரவு

‘ரெடி பிளேயர் ஒன்’ நாவலை மறுபடியும் படித்து முடித்தேன். எர்னஸ்ட் க்லைன் எழுதி 2011-இல் வந்த புத்தகம். ஓயாசிஸ் என்ற மெய்நிகர் உலகத்தைப் படைத்த ஜேம்ஸ் ஹாலிடே இறந்துபோகிறார். அந்த உலகத்துக்குள் தான் ஒளித்து வைத்த ஒரு ‘ஈஸ்டர் எக்’கை யார் கண்டுபிடிக்கிறாரோ, அவருக்கே தன் மொத்தச் சொத்தும் என்று எழுதிவைத்துவிட்டுப் போகிறார். மூன்று சாவி, மூன்று வாசல். ஓக்லஹோமா நகரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய டிரெய்லர் வீடுகளுக்கு நடுவே வளரும் வேட் வாட்ஸ் தேடிக் கிளம்புகிறான். கொலைக்கும் அஞ்சாத ஒரு பெரு நிறுவனம் சம்பளத்துக்கு ஆள் வைத்து அதே புதையலைத் தேடுகிறது.

கதை அங்கேயே நின்றுவிடவில்லை. 2012 ஜூனில் பேப்பர்பேக் பதிப்பு வந்தபோது, புத்தகத்துக்குள் தானும் ஒன்றை ஒளித்து வைத்திருப்பதாக க்லைன் அறிவித்தார். அதைக் கண்டுபிடித்து, அங்கிருந்து தொடரும் மூன்று கட்டங்களையும் முடிக்கும் முதல் ஆளுக்கு 1981-ஆம் ஆண்டு டெலோரியன் கார் பரிசு. சிறகு போல மேலே திறக்கும் கதவுகளும் துருப்பிடிக்காத எஃகு உடம்புமாக, பெல்ஃபாஸ்ட் அருகே டன்மரியில் செய்த வண்டி. ‘பேக் டு த ஃபியூச்சர்’ படத்தில் காலத்தைத் தாண்டிய அதே ரக வண்டி.

செவ்வாய்

போட்டி நடந்த விதம் இது. ஒளிந்திருந்தது ஓர் இணைய முகவரி. அதைப் பிடித்தவர்கள் அட்டாரி 2600 என்ற பழைய கேம் கருவிக்கென்றே புதிதாக எழுதிய ‘த ஸ்டாக்ஸ்’ என்ற ஆட்டத்துக்குப் போனார்கள். இரண்டாவது கட்டம் ஃபேஸ்புக்கில் ஆடும் ஒரு கேம். மூன்றாவதுதான் மலை. கொடுக்கப்பட்ட பழைய ஆர்கேட், அட்டாரி ஆட்டங்களில் ஏதேனும் ஒன்றில் உலக சாதனை படைக்க வேண்டும். ஆகஸ்ட் தொடக்கத்தில் அந்தக் கட்டத்தை அறிவித்தார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஒருவர் ‘ஜவுஸ்ட்’ ஆட்டத்தில் புதிய உலக சாதனை படைத்துக் காரை வென்றுவிட்டார்.

ஜவுஸ்ட்! 1982-இல் வில்லியம்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஆட்டம். தீக்கோழி மேல் ஏறி, பொத்தானை அமுக்கி அமுக்கிச் சிறகடித்து, மோதும் கணத்தில் எதிராளியைவிட உயரத்தில் இருக்க வேண்டும். நாவலில் வேட் முதல் சாவியைப் பெறுவதும் இதே ஆட்டத்தில்தான். ஒரு கல்லறைக்குள் அஸெரராக் என்ற மந்திரவாதிப் பிணத்தோடு ஜவுஸ்ட் ஆடி ஜெயிக்கிறான். கதையில் சாவி கொடுத்த ஆட்டம் வெளியே கார்ச்சாவி கொடுத்தது. படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

ஆனாலும் அந்த மூன்றாம் கட்டம் எனக்கு முழுக்க உடன்பாடில்லை. வரி வரியாக வாசித்து முகவரியைப் பிடித்த ஒருவர் கை வேகம் போதாமல் வாசலிலேயே நின்றுபோயிருப்பார். மூன்றில் வாசகரை வாசகராகவே மதித்தது முதல் கட்டம்தான்.

புதன்

படத்துக்குப் படம் நடக்கும் பரிசுக் குலுக்கல்களை நினைத்துக்கொண்டிருந்தேன். பெயரைப் பதிந்தால் போதும். குலுக்கலில் ஒரு சட்டையோ டிக்கெட்டோ வரும். அமெரிக்காவில் அதற்குச் சட்டக் காரணம் உண்டு. பரிசு, அதிர்ஷ்டம், பங்கேற்கக் கட்டணம் மூன்றும் சேர்ந்தால் அது லாட்டரி ஆகிவிடும். அதனால் கட்டணத்தை எடுத்துவிட்டு, எதையும் வாங்கத் தேவையில்லை என்று அச்சிடுகிறார்கள். அது சட்டப்படி சரி. ஆனால் அந்த ரசிகர் கதையைப் படித்தாரா, படத்தைப் பார்த்தாரா என்று யாரும் கேட்பதில்லை. ரசிகர் என்பவர் ஒரு மின்னஞ்சல் முகவரியாகச் சுருங்கிப்போகிறார். எனக்கு அது வலிக்கிறது. ஒரு கதையை நேசிப்பவரிடம் கதை சார்ந்த ஒரு கேள்வியையாவது கேளுங்கள்.

வெள்ளி

இந்த நாவலை வைத்து ஸ்பீல்பெர்க் எடுத்த படத்தை அக்கா மகளோடு மறுபடி பார்த்தேன். 2018 மார்ச்சில் வந்தது. திரைக்கதையில் ஸாக் பென்னுடன் க்லைனும் இருக்கிறார். கல்லறையும் ஜவுஸ்டும் காணோம். அவற்றுக்குப் பதில் நியூயார்க் தெருக்களில் கார்ப் பந்தயம், குறுக்கே கிங் காங். வேட் ஓட்டுவது டெலோரியன்.

“மாமா, இவன் ஏன் பின்னாடி ஓட்டுறான்?” என்றாள்.

அந்தப் பந்தயத்தின் ரகசியமே அதுதான். ஹாலிடேயின் வாழ்க்கைப் பதிவுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்து, அவர் சொன்ன ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு, எல்லாரும் முன்னே பாயும்போது வேட் ரிவர்ஸில் போகிறான். ஒருவர் ஜவுஸ்ட் ஆடுவதைத் திரையரங்கில் உட்கார்ந்து பார்ப்பது அலுப்பு. மாற்றியது சரி என்றே இப்போது தோன்றுகிறது. ஊன்றிக் கவனித்தவனுக்குத்தான் வழி திறக்கும் என்ற கதையின் உயிரை ஸ்பீல்பெர்க் விடவில்லை.

சனி

நாவலும் படமும் கடைசியில் போய் நிற்பது ‘அட்வென்சர்’ என்ற அட்டாரி ஆட்டத்தில். அதன் பின்கதை இந்த எல்லாப் பரிசுகளையும்விடப் பெரியது. வாரன் ராபினெட் தனியாளாக 4 கிலோபைட்டுக்குள் எழுதிய ஆட்டம். அட்டாரி நிறுவனம் அந்த நாளில் ஆட்டத்தை எழுதியவர் பெயரை எங்கேயும் போடாது. ராபினெட் யாரிடமும் சொல்லாமல் ஆட்டத்துக்குள் ஓர் அறை கட்டி, அதில் தன் பெயரை எழுதிவைத்தார். அதற்குள் போக, பின்னணி நிறத்தோடு கரைந்துவிடும் ஒரே ஒரு புள்ளியைக் கண்டுபிடித்துத் தூக்கிவர வேண்டும். வேலையை விட்டுப் போகும்போதும் அவர் வாய் திறக்கவில்லை.

கண்டுபிடித்துச் சொன்னது சால்ட் லேக் சிட்டியில் 15 வயதுப் பையன் ஒருவன். அறைக்குப் போகும் வழியை விளக்கி அட்டாரிக்குக் கடிதம் எழுதினான். நிறுவனம் அந்த அறையை அழிக்காமல் விட்டது. இப்படி ஒளித்து வைப்பதை மற்ற ஆட்டங்களிலும் செய்யலாம் என்று முடிவெடுத்தது. அந்தப் பையனுக்காக யாரும் போட்டி அறிவித்திருக்கவில்லை, காரும் காத்திருக்கவில்லை. ஒரு மனிதர் தன் பெயரை யாராவது பார்ப்பார்கள் என்று நம்பி விட்டுச் சென்றார், இவன் பார்த்தான். க்லைன் பரிசளித்த டெலோரியன் இந்தப் பையனுக்குச் செலுத்திய மரியாதை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இதை அக்கா மகளிடம் சொன்னேன். அட்வென்சரை உடனே ஆட வேண்டும் என்கிறாள். நாளை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு உட்காருகிறோம். புள்ளி எந்த அறையில் என்று கெஞ்சிக் கேட்டாள். நான் சொல்லப்போவதில்லை.