கேட்டுவிட்டுக் கொடு

டி.பார்ம் தேர்வு எழுதியவர்கள் 500 மணி நேரம் மருந்தகத்தில் நின்று வேலை பழக வேண்டும். அதில் பாதி நேரமாவது சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுப்பதில் கழிய வேண்டும் என்பது விதி. நான் பழகியது திருவண்ணாமலையில், தேரடித் தெருவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு மெடிக்கலில். கடையை நடத்தும் பார்மசிஸ்ட்டை எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுவோம்.

அவர் முதலில் கற்றுக்கொடுத்தது மாத்திரை அட்டையை வெட்டுவது. பேரும் எக்ஸ்பைரி தேதியும் இருக்கும் பக்கம் கடைசி வரைக்கும் அட்டையில் நிற்க வேண்டும். எதிர்ப்பக்கத்திலிருந்துதான் கத்தரிக்கோல் போட வேண்டும். பேர் தெரியாத மாத்திரை இந்தக் கடையிலிருந்து வெளியே போகக் கூடாது என்பார். உதிரி மாத்திரையைக் காகிதக் கவரில் மடித்துக் கொடுக்கும் பழக்கம் அங்கே கிடையாது.

அதில் அவருக்கு ஏன் அத்தனை பிடிவாதம் என்பது பௌர்ணமி அன்றைக்குப் புரிந்தது. 14 கிலோமீட்டர் கிரிவலம் வந்த கால்களோடு கவுண்டருக்கு வருகிறவர்களில் பலர் மருந்தின் பேரைச் சொல்வதில்லை. “மூட்டு வலிக்கு ஒரு செட் போட்டுக் குடுப்பா” என்பார்கள். “எங்க ஊர்ல சின்னதா ஒரு வெள்ளை மாத்திரை சேர்த்துக் குடுப்பாங்க, போட்ட உடனே கேட்கும்” என்று யாராவது சொன்னால், சார் பில் போடுவதை விட்டுவிட்டு எழுந்து வருவார். எத்தனை மாசமா போடறீங்க, யார் எழுதிக் குடுத்தது, அட்டை இருக்கா என்று நிதானமாகக் கேட்பார். பின்னால் எத்தனை பேர் நின்றாலும் அந்தக் கேள்விகளைச் சுருக்க மாட்டார்.

அந்த மாதிரி செட்டுகள் பலவற்றில் டெக்சாமெத்தசோனோ பீட்டாமெத்தசோனோ இருக்கும். இரண்டும் ஸ்டீராய்டு. சிறுநீரகங்களின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் ஒரு நாளைக்குச் சுமார் 10 மில்லிகிராம் கார்டிசால் என்ற ஸ்டீராய்டைச் சுரக்கின்றன. விடியற்காலையில் அது அதிகம், நள்ளிரவில் மிகக் குறைவு. டெக்சாமெத்தசோனின் வீரியமோ கார்டிசாலைப் போல் 25 மடங்குக்குக் குறையாது. அரை மில்லிகிராம் மாத்திரை ஒன்றே உடல் நாள் முழுக்கச் சுரப்பதைத் தாண்டிவிடும். சார் இந்தக் கணக்கை ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டியபோது எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற மாத்திரை அது.

கார்டிசால் மாதக்கணக்கில் மிகுந்தால் வருவதுதான் குஷிங் நோய்க்குறி. ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க மூளை அறுவை நிபுணர் 1912-இல் இதை விவரித்து, 1932-இல் பிட்யூட்டரிச் சுரப்பியில் வரும் சிறு கட்டிகளோடு தொடர்புபடுத்தினார். அப்படி உடம்புக்குள்ளேயே உண்டாவது அபூர்வம்; பத்து லட்சம் பேரில் வருஷத்துக்கு ஒரு சிலருக்கு. வெளியிலிருந்து போகும் ஸ்டீராய்டால் வருவதே மிக அதிகம். மருந்தைக் குற்றம் சொல்வதிலும் நியாயமில்லை. 1948-இல் மேயோ மருத்துவமனையில் முடக்குவாதத்தால் படுத்திருந்தவர்களை எழுந்து நடக்க வைத்தது கார்டிசோன் என்ற ஸ்டீராய்டு. 1950-இல் கெண்டல், ஹெஞ்ச், ரைக்ஸ்டைன் மூவருக்கும் அதற்காக நோபல் பரிசு கிடைத்தது. கொரோனாவில் ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களின் உயிரைக் காத்ததும் இதே டெக்சாமெத்தசோன்தான். ஆஸ்துமாவுக்கும் லூபஸுக்கும் டாக்டர் எழுதிக் கொடுத்தால் பயப்படாமல் சாப்பிட வேண்டும்.

கோயில் பக்கம் பூ கட்டி விற்கும் ஒரு அம்மா தலைவலி மாத்திரைக்கு வருவார். முகம் உருண்டு, கன்னம் சிவந்து இருந்தது. பூரிப்பா இருக்கீங்க என்று எல்லோரும் சொல்வதாகச் சிரித்தார். சார் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “கையைப் பாரும்மா” என்றார். குச்சியாக இளைத்த கை. லேசாக இடித்துக்கொண்ட இடமெல்லாம் கருநீலக் கன்றல். படியில் உட்கார்ந்தவர் இரண்டு கையையும் ஊன்றித்தான் எழுந்தார். பிடரியில் கொழுப்புத் திரண்டிருந்தது. வயிற்றில் ஊதாக் கோடு விழுந்திருக்கா என்று நான் தனியாக அழைத்துக் கேட்டதும், “உனக்கெப்படிடி தெரியும்?” என்று திகைத்துப்போனார். சர்க்கரையும் பிரஷரும் புதிதாக வந்திருந்தன. வேறெங்கோ வாங்கிய வலி மாத்திரையைப் பேர் தெரியாமலே வருஷக்கணக்கில் போட்டு வந்திருக்கிறார்.

விஷயத்தைச் சொன்னதும், “அப்போ இன்னைக்கே தூக்கிப் போட்டுடறேன்” என்றார். சார் பதறிவிட்டார். “அம்மா, அது மட்டும் வேணாம். நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. வீட்ல இருக்கிற மாத்திரையை அப்படியே எடுத்துட்டுப் போங்க.” வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் நம் அட்ரீனல் வேலையை விட்டுவிடும். சட்டென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் அடியோடு சரிவது என உயிருக்கே ஆபத்து. இன்னொன்றும் சொன்னார். டெக்சாமெத்தசோன் சாப்பிடுகிறவருக்கு ரத்தத்தில் கார்டிசால் பார்த்தால் குறைவாகத்தான் வரும். உடம்பில் காண்பதற்கு நேர்மாறாக. ஏன் என்பதற்கு விடை அந்தப் பேரில்லாத மாத்திரையில் இருக்கிறது. அதைக் கேட்டறிவது கவுண்டரில் நிற்பவரின் வேலையும்தான்.

அந்த அம்மா பிறகு ஆஸ்பத்திரிச் சீட்டோடு வந்தார். மருந்து படிப்படியாகக் குறைந்துபோகும் சீட்டு. தினசரி காலண்டரில் ஒவ்வொரு தாளிலும் அன்றைக்கு எத்தனை மாத்திரை என்று பெரிதாக எழுதிக் கொடுத்தேன். காலையில், சாப்பிட்ட பிறகு. இந்த வேலையில் நான் கற்றவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் காலண்டர் எழுதுவதுதான்.

செங்கம் பக்கத்திலிருந்து ஒருவர் தன் மகளுக்காகக் கொண்டுவந்த சீட்டு வேறு மாதிரி. டெக்சாமெத்தசோன் அரை மில்லிகிராம், இரண்டே மாத்திரை. இரவு 11 மணிக்குப் போட்டு, காலை 8 மணிக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். நல்ல உடம்பாக இருந்தால் அந்த மாத்திரை கார்டிசால் சுரப்பை அடக்கிவிடும். குஷிங் இருந்தால் அடங்காது. நோயைக் கொண்டுவரும் மருந்தே நோயைக் கண்டுபிடிக்கவும் உதவுகிறது. நேரம் தவறினால் முடிவு தப்பாகும் என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினேன். அந்தப் பெண்ணுக்குப் பிட்யூட்டரியில் கட்டி. வேலூர் போய் மூக்கு வழியாக அறுவை செய்துகொண்டாள். அதன் பிறகு சுரப்பி விழித்துக்கொள்ளும் வரை, மாதக்கணக்கில் ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை வேண்டும். காய்ச்சல் வந்தால் டாக்டர் சொன்னபடி அளவைக் கூட்ட வேண்டும். ஒரு நாள்கூட ‘ஸ்டாக் இல்லை, நாளைக்கு வாங்க’ என்று சொல்லக் கூடாத மருந்து அது. எங்கள் கடையில் அதற்குத் தனியாக ஒரு டப்பா எடுத்து வைத்தோம்.

மாத்திரையோடு இது முடியவில்லை. முகம் வெளுக்க என்று வாங்கிப் பூசும் களிம்புகளில், உடம்பு பிடிக்க என்று தரும் மாத்திரைகளில், லேபிள் இல்லாத மூட்டுவலிப் பொடிகளில் ஸ்டீராய்டு இருப்பது உண்டு. 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று உத்தரவிட்டது. ஆனாலும் கேட்டு வருகிறவர்கள் குறைந்தபாடில்லை.

படிக்கிற உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான்: செட் மாத்திரை வாங்காதீர்கள். எந்த மாத்திரையானாலும் பேர் தெரிகிற அட்டையாகக் கேட்டு வாங்குங்கள். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள் நீங்களாக நிறுத்தாதீர்கள். அதன் பேரையும் அளவையும் ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்திருங்கள், எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள்.