ஒளிவட்டத்தின் நடுவில்

சீன நாட்டின் சிச்சுவான் மாநிலத்தில், செங்டு சமவெளியின் தென்மேற்கு விளிம்பில் எமெய் மலை எழுந்து நிற்கிறது. உயரம் 3,099 மீட்டர். சீனப் பௌத்தர்கள் போற்றும் நான்கு திருமலைகளுள் இது ஒன்று. செங்டுவில் பணிபுரியும் எங்கள் மகனைக் காணச் சென்ற நாங்கள் இருவரும், ஒரு மே மாதத்தில் அவனுடன் அம்மலையில் இரண்டு நாள்களைக் கழித்தோம். சுற்றுலா என்று எண்ணிச் சென்றோம். ஆன்ம சோதனை செய்து திரும்பினோம்.

முதலில் கண்டது வான்னியன் கோயில். அங்கே சமந்தபத்திரர் ஆறு தந்தங்கள் கொண்ட வெள்ளை யானைமீது அமர்ந்திருக்கிறார். கி.பி. 980-இல் தொடங்கி வார்த்த வெண்கலச் சிலை. எடை 62 டன். இந்திய மண்ணிலிருந்து மறைநூல்களோடும் துறவியரோடும் பனிமலைகளைக் கடந்து சென்ற யானை அல்லவா அது! சமந்தபத்திரர் செயலின் வடிவம் என்பர் பௌத்தர். கேட்ட அறத்தை வாழ்ந்து காட்டுவதே அவர் வழி.

அதை அம்மலை தன் வழியில் கற்றுக்கொண்டிருக்கிறது. மிங் அரசர் காலத்தில் பியேசுவான் என்னும் துறவி, தாமரைச் சூத்திரத்தின் ஓர் எழுத்துக்கு ஒரு மரமாக, ஒவ்வொரு மரத்துக்கும் ஒருமுறை வணங்கி, 69,707 மரங்களை நட்டார் என்பது அங்கு வழங்கும் மரபு. மறைநூலை உதட்டால் ஓதுவோர் பலர். மண்ணில் ஓதியவர் அவர்.

அடிவாரத்தின் பசுமைமாறாக் காட்டிலிருந்து உச்சியின் தேவதாரு வகை மரங்கள்வரை, ஏறக்குறைய 3,200 வகைத் தாவரங்கள் எமெயில் வாழ்கின்றன. ஓடைகளில் மீசைத் தேரை உண்டு. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் தேரையின் மேலுதட்டில் கூரிய முட்கள் முளைக்கின்றன. 1996-இல் யுனெஸ்கோ, லெஷான் பெரும்புத்தர் சிலையோடு இம்மலையையும் உலக மரபுச் செல்வமாக அறிவித்தது. பண்பாடு, இயற்கை ஆகிய இரு காரணங்களுக்காகவும் அப்பெருமை கிடைத்தது.

வழியில் ஒரு மரத்தைக் காட்டி மகன் நிறுத்தினான். கிளையெங்கும் வெண்புறாக்கள் அமர்ந்திருப்பதுபோல் இருந்தது. பறவைகள் அல்ல, பூவைச் சூழ்ந்த வெள்ளைச் செதில் இலைகள். புறா மரம் என்றே அதற்குப் பெயர். அதன் அறிவியல் பெயரான தாவிதியா, வின்சென்ட் தெ பவுல் சபையைச் சேர்ந்த பிரெஞ்சு அருள்தந்தை அர்மான் தாவீதின் நினைவாக இடப்பட்டது. 1869-இல் இதே சிச்சுவானின் பாவ்சிங் மலைப்பகுதியில் அவர் இம்மரத்தைக் கண்டார். பாண்டாவை மேலை உலகுக்கு அறிவித்தவரும் அவரே. நற்செய்தி அறிவிக்கச் சென்ற அத்துறவி, சீனத்தின் காடுகள் அழிவதைக் கண்டு தம் நாட்குறிப்பில் மனம் வருந்தி எழுதினார். எங்கள் நெஞ்சம் பெருமையால் விம்மியது. அப்பெருமை ஒரு மணி நேரம்கூட நிலைக்கவில்லை.

சற்று மேலே குரங்குகள் கூட்டமாக வந்தன. திபெத்தியக் குரங்குகள், பருத்த உடல், குட்டை வால். உணவு கொடுக்காதீர் என்ற அறிவிப்பை மகன் படித்துச் சொன்னான். ஆயினும் எங்கள் கை பையிலிருந்த நிலக்கடலைக்குச் சென்றது. கொடுத்தது எவர் கை என்று இங்கே எழுதப் போவதில்லை. குற்றம் இருவருக்கும் பொது. ஒரு பிடி கொடுத்தோம். குட்டியைச் சுமந்த ஒரு தாய்க்குரங்கு அதை உண்டது. மறுகணம் பெரிய ஆண் குரங்கொன்று பாய்ந்து, எங்களுக்குப் பின்னால் படியேறி வந்த மூதாட்டியின் துணிமூட்டையைப் பறித்தது. அவர் கோயிலுக்குக் கொண்டுவந்த ஊதுவத்திகளும் பழங்களும் படிகளில் சிதறின. காவலர் மூங்கில் கழியோடு ஓடி வந்தார். மகன் தலைகுனிந்து சீன மொழியில் மன்னிப்புக் கேட்டான். மூதாட்டி ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து ஒவ்வோர் ஊதுவத்தியாகப் பொறுக்கினார். நாங்களும் பொறுக்கினோம்.

மனிதர் கையிலிருந்து உண்ணப் பழகிய குரங்கு அச்சம் இழக்கிறது. பிறகு பறிக்கிறது, கடிக்கிறது. நாம் இரக்கம் என்று பெயரிட்டது உண்மையில் எங்கள் மகிழ்ச்சிக்கான விளையாட்டு. அதற்கான விலையைக் கொடுத்தவர் வேறொருவர்.

மறுநாள் காலை பொன்னுச்சியில் நின்றோம். பின்னால் கதிரவன், கீழே பஞ்சுபோன்ற மூடுபனி. திடீரென மூடுபனியில் எங்கள் நிழல்களும், அவற்றைச் சுற்றி வண்ண வளையமும் தோன்றின. புத்தரின் ஒளி என்று மக்கள் வணங்கும் காட்சி அது.

“பாருங்க, என் தலையைச் சுற்றி வட்டம்!”

“இல்லை, என் தலையைச் சுற்றித்தானே தெரிகிறது!”

இருவர் சொன்னதும் உண்மை. நுண்ணிய நீர்த்துளிகள் கதிரொளியை அது வந்த திசைக்கே திருப்பி அனுப்புவதால், அவரவர் கண்ணுக்கு அவரவர் நிழலின் தலையே நடுவாகத் தெரிகிறது. அருகில் நிற்பவரின் வட்டம் நமக்குத் தெரிவதில்லை. முந்தைய நாள் படிகளில் நடந்ததும் இதுவே. எங்கள் தலைகளே நடுவாகத் தெரிந்தன. குரங்கின் காடும், மூதாட்டியின் காணிக்கையும் கண்ணில் படவில்லை. படைப்பின் நடுவில் நாம் நிற்கிறோம் என்று தோன்றும்போதெல்லாம், பக்கத்தில் நிற்பவருக்கும் ஒரு வட்டம் உண்டு என்பதை நம்பியாக வேண்டும். அதைக் காண நமக்கு வழியில்லை.

இறங்கும்போதும் குரங்குகள் வந்தன. கைகளைக் கட்டிக்கொண்டு நடந்தோம். எஞ்சிய நிலக்கடலை அப்படியே செங்டு வந்து சேர்ந்தது.