9 எலக்ட்ரான், 7 ஆர்பிட்டல், 1 சொதப்பல்

தங்கச்சி வேதியியல்ல பிஹெச்டி பண்றா. "அண்ணா, லினக்ஸ்ல ஒரு புரோகிராம் ஓட்டணும், ஹெல்ப் பண்றியா?"ன்னு கேட்டப்ப, ஆபீஸ்ல தினம் புடுங்குற ஆணிதானேன்னு தெனாவட்டா ஒத்துக்கிட்டேன். நமக்கும் கெமிஸ்ட்ரிக்கும் உள்ள உறவு பொறியியல் முதல் வருஷத்தோட முடிஞ்சு போச்சு. அதுவும் ஜஸ்ட் பாஸ் :-)

விஷயம் இதான். நடுவுல ஒரு டிஸ்ப்ரோசியம் அயனி, சுத்தி எண்முக வடிவத்துல 6 குளோரின். டிஸ்ப்ரோசியம் லாந்தனைடு குடும்பம். 3 எலக்ட்ரானை இழந்த பிறகு அதோட 4எஃப் கூட்டில் 9 எலக்ட்ரான் மிச்சம். அங்கே இருப்பது 7 ஆர்பிட்டல். ஒண்ணுக்கு 2 பேர்னு வெச்சா 14 சீட்டு. 14 சீட்டில் 9 பேரை 2002 விதமா உட்கார வைக்கலாம்! எது சரியான வரிசைன்னு ஒண்ணை மட்டும் கை காட்ட முடியாது, கலந்துதான் கணக்குப் போடணும். மூலக்கூறில் இருக்கும் எல்லா எலக்ட்ரானையும் இப்படிக் கலக்க ஆரம்பிச்சா எந்தக் கம்ப்யூட்டரும் தாங்காது. அதனால 'இந்த 9, இந்த 7 மட்டும் ஆக்டிவ்'னு நாமதான் சொல்லணும். 4எஃப், வெளியே இருக்கும் 5எஸ், 5பி கூடுகளுக்கு உள்ளே பதுங்கிக் கிடப்பதால் குளோரினோட அதிகம் ஒட்டுவதில்லை. அந்த 7 போதும்.

போதும்தான், சரியான 7ஐக் கொடுத்தா!

புரோகிராம் ஆர்பிட்டல்களை சமச்சீர் வாரியா பிரிச்சுக் கேட்டுச்சு. 2, 2, 2, 1 என்று கொடுக்கணும். நான் 3, 2, 2, 0 என்று கொடுத்துட்டேன். ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்கு ஆர்பிட்டல் தாவ முடியாது. அதனால உண்மையான எஃப் ஒண்ணு வெளியே பூட்டப்பட்டு, குளோரினோட பி ஆர்பிட்டல் உள்ளே வந்து உட்கார்ந்திருச்சு. சத்தமே இல்லை. எரர் இல்லை. அழகா கன்வெர்ஜ் ஆச்சு.

நானும் சும்மா விடலை, செக் பண்ணேன் சாமி! அதிக ஸ்பின் உள்ள 21 நிலைகளுக்கும் சராசரி எடுத்ததுல, ஒவ்வொரு ஆர்பிட்டலிலும் 1.2857 எலக்ட்ரான். 9ஐ 7ஆல வகுத்தா அதேதான். "சூப்பர், பெர்ஃபெக்ட்"னு சொன்னேன். அவளும் நம்பி ரிவ்யூ ஸ்லைடுல போட்டுட்டா.

கைடு கேட்டது ஒரே கேள்வி. "ஆர்பிட்டல் படம் பார்த்தீங்களா?"

அன்னிக்கு ராத்திரி ஃபோன்ல அவ பேசவே இல்லை, அழுதா. எனக்கு சோறு இறங்கலை. படத்தைத் திறந்தா 6 டிஸ்ப்ரோசியம் மேல இருக்கு, ஏழாவது குளோரின் மேல பல்லிளிக்குது. அந்த 1.2857? 21 நிலையையும் சமமா சராசரி எடுத்தா, எந்த 7 ஆர்பிட்டலை வெச்சாலும் அதே எண்தான் வரும். நான் சரிபார்த்தது நாலாங்கிளாஸ் வகுத்தல்.

திருத்தி ஓட்டினோம். இந்தத் தடவை 21 நிலைகளும் ஆற்றல் வரிசையில் 11, 7, 3 என்று கொத்துக் கொத்தாப் பிரிஞ்சுது. தனி அயனியோட ஹெச், எஃப், பி நிலைகள் அதே கணக்குதான். பழைய ரிசல்ட்ல இந்தக் கொத்தே இல்லை, அதை நான் பார்க்கவும் இல்லை.

இப்ப அடுத்தது சீரியம், வெள்ளை எல்இடி பல்புல மஞ்சள் ஒளி தருமே, அது. ஒரே ஒரு எஃப் எலக்ட்ரான். "7 போதும்ல?"னேன். "அண்ணா, நீல ஒளியை வாங்கினதும் அது 5டிக்கு ஏறும். அந்த 5ஐயும் சேர்க்கலைன்னா ஏற எங்க இடம்?"னா.

ஆக 12. ஒவ்வொரு படமா திறந்து பார்த்துக்கிட்டிருக்கேன். 8 முடிஞ்சிருக்கு.