முழக்கத்தைப் பதிவு செய்தல்

மலர்க்குழுவினர் என்னிடம் கட்டுரை ஒன்று வேண்டியபோது, சங்கப் பாடல் ஒன்றைப் பற்றியோ இலக்கண நுட்பம் ஒன்றைப் பற்றியோ யான் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பர். யான் எடுத்துக்கொண்ட பொருளோ ஒலிப்பதிவு. அதிலும், தவிலும் நாதசுரமும் முழங்கும் மேளச்சமாவை அது நிகழும் இடத்திலேயே பதிவு செய்யும் முறை. தமிழாசிரியனுக்கு இத்துறையில் என்ன வேலை என்று வினவுவோர்க்கு விடை எளிது. அழியும் நிலையிலிருந்த ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை பிறந்த மண் இது. எழுத்தில் அடங்காத கலைக்கு ஒலிப்பதிவே ஏடு. அவ்வேட்டில் எழுத்துச் சிதைந்திருப்பின் பின்வருவோர் எதைப் படிப்பர்?

யான் சிறுவனாயிருந்த 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. துவிச்சக்கர வண்டியை நிறுத்தி, மிதிகட்டையைச் சுழற்றி, டைனமோவிற் பிறந்த மின்னைக் கொண்டு கசெற்றுக்களைக் கேட்டோம். சுழற்றுவோன் களைத்தால் நாதசுரமும் களைத்துச் சுருதி இறங்கும். எங்கள் வீட்டிலே திருவிழா மேளம் பதிந்த கசெற்றுக்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒருசேர இடம்பெயர்ந்தபோது அப்பெட்டி வீட்டிலே தங்கிவிட்டது. அடுத்த ஆண்டு நாம் மீண்டபோது அது அங்கு இல்லை.

அந்த இழப்பைக் காலத்தின் மீது சாட்டலாம். இக்காலத்து இழப்பை அவ்வாறு சாட்ட இயலாது. சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் அயலூரைச் சேர்ந்த முதிய தவில் வித்துவான் ஒருவர் காலமானார். அவருடைய பேரன் என் வகுப்பு மாணவன். அந்தியேட்டி நாளிலே கேட்பதற்காக, ஊரவர் கைப்பேசிகளிற் கிடந்த அவருடைய வாசிப்புக்களை எல்லாம் திரட்டிக்கொண்டு என்னிடம் வந்தான். நாற்பதுக்கு மேற்பட்ட துண்டுகள். ஒவ்வொன்றாகக் கேட்டோம். முழுவதும் கேட்டு முடித்தபின் அவன் சொன்னான்: “சேர், சத்தம் கேக்குது, அப்பப்பாவின்ரை கை கேக்கேல்லை.”

அப்பிள்ளை கூறியதைவிடத் தெளிவாக இக்குறையை யான் கூற மாட்டேன். தவிலின் வலந்தலையிலே விரற்கூடுகள் எழுப்பும் கூரிய சொற்களும், தொப்பியிலே கழி எழுப்பும் ஆழ்ந்த நாதமும் வெவ்வேறாகக் கேட்டாலன்றி வித்துவானின் கை கேளாது. கைப்பேசியோ பேச்சுக்கென அமைந்தது. சிற்றொலியை உயர்த்திப் பேரொலியைத் தாழ்த்தித் தானே அளவைச் சமன்செய்துகொள்ளும் இயல்பு அதற்கு உண்டு. தவிலில் அடி விழுந்ததும் அது அளவைச் சுருக்கும். அடி ஓய்ந்ததும் பெருக்கும். இதனால் நாதசுரம் நீரில் அமிழ்ந்து எழுவது போலக் கேட்கும். ஒலி மேலும் மிகுமாயின் அலையின் முடி வெட்டுண்டு தட்டையாகிவிடும். வெட்டுண்ட இடத்தைக் கணினி ஊகித்து ஒட்டுப்போடலாமேயன்றி, அங்கிருந்த நாதத்தை மீட்டுத் தர இயலாது.

அன்றுதொட்டு யானும் மாணவர் சிலரும் கூடி, இக்கலையை முறையாகப் பயில முற்பட்டோம். கற்றவற்றுள் தலையாயது ஒன்று: பேரொலியைப் பதிவதற்கு விலையுயர்ந்த கருவியினும் அடக்கமான அளவும் தக்க இடமுமே முதன்மையானவை.

இடத்தை முதலிற் கூறுகின்றேன். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே இளங்கோவடிகள் அரங்கின் நீளம் எட்டுக் கோல், அகலம் ஏழு கோல், உயரம் ஒரு கோல் என வரையறுத்த பின்னரே ஆடலைக் காட்டுகின்றார். கலைக்கு முன் களத்தை அளத்தல் நம் மரபு. திறந்த வெளியிலே ஒலிவாங்கிக்கும் கருவிக்கும் இடையிலுள்ள தூரம் இருமடங்காகுந்தோறும் ஒலியின் அளவு 6 தெசிபெல் குறையும். ஒரு மீற்றரில் நிற்கும் ஒலிவாங்கியை நான்கு மீற்றருக்கு நகர்த்தினால் 12 தெசிபெல் செலவின்றிக் குறைந்துவிடுகின்றது. மேடைக்கு நேர் எதிரே நான்கு அல்லது ஐந்து மீற்றர் தள்ளி, சபையோரின் தலைக்கு மேலாக இரண்டரை மீற்றர் உயரத்திலே ஒலிவாங்கிகளை நிறுத்துவது எங்களுக்குப் பெரிதும் பயன்பட்டது. அங்கு நாதசுரமும் தவிலும் ஒன்றையொன்று மூடாமல் வந்து சேர்கின்றன. மண்டபத்தினுள்ளே சுவரெதிரொலி கலப்பதால் இன்னும் சற்று நெருங்குதல் வேண்டும். இரண்டு ஒலிவாங்கிகளை 17 சென்ரிமீற்றர் இடைவெளியில், 110 பாகை விரிவில் அமைப்பது பிரெஞ்சு வானொலியார் வகுத்த முறை. கேட்போனுக்கு இடப்புறத் தவிலும் வலப்புறத் தவிலும் தத்தம் இடத்திலிருந்தே ஒலிக்கக் காண்பது இதன் பயன்.

விலக்க வேண்டிய இடங்களும் உண்டு. ஒலிபெருக்கிக் குழாயின் வாய்க்கு நேரே நிற்றலாகாது. மின்பிறப்பாக்கிக்கு அண்மையிலும் ஆகாது. ஒலிவாங்கி வடங்களை மின்விளக்கு வடங்களோடு சேர்த்துக் கட்டினால் 50 ஹேட்ஸ் இரைச்சல் புகுந்துவிடும். அவை ஒன்றையொன்று கடக்க நேரின் குறுக்காகக் கடக்கச் செய்தல் வேண்டும். வீதியிலே காற்று வீசும். மயிருறை போர்த்தாத ஒலிவாங்கி காற்றையே பதியும். தாழ்ந்த ஒலிகளை வெட்டும் ஆளியைப் போட்டாற் காற்றிரைச்சல் குறையும் என்பர். உண்மையே, ஆயினும் தொப்பியின் நாதமும் அதனோடு மெலியக்கூடும். ஆதலின் உறையையே நம்புவது நன்று.

அடுத்தது அளவு. தானியங்கிச் சமன்பாட்டை முதலில் நிறுத்திவிட வேண்டும். பின்னர் வித்துவான்களை அணுகி, அவர்கள் வாசிக்கக்கூடிய மிக வலிய தீர்மானம் ஒன்றை வாசித்துக் காட்டும்படி பணிவுடன் கேட்க வேண்டும். அவ்வேளையில் அளவுகாட்டியின் உச்சம் எல்லைக்கு 12 தெசிபெல் கீழே நிற்குமாறு அமைத்தல் தக்கது. இவ்வளவு இடம் எதற்கு என மாணவர் கேட்பர். சோதனையின்போது வாசிப்பவர் வேறு. தனித்தவில் உச்சத்தை அடைந்து, சபை ஆரவாரிக்கும் வேளையில் வாசிப்பவர் வேறு. இருவரும் ஒருவரே ஆயினும் கை ஒன்றன்று. 24 பிற்று முறையிலே தாழ்வாகப் பதிந்தவற்றைப் பின்னர் உயர்த்தலாம். மேடையின் இரைச்சலுக்கு முன் கருவியின் இரைச்சல் ஒரு பொருட்டாகாது. அண்மைக் காலத்தில் 32 பிற்று மிதவை முறையிற் பதியும் கருவிகளும் வந்துள்ளன. அவை பெரிதும் உதவுவன. எனினும், ஒலிவாங்கியே தாங்காது சிதைந்த ஒலியை அவையும் சிதைந்தபடியே பதியும் என்பதை மறத்தலாகாது.

இனிக் கருவி. வாங்குவோர் பெரும்பாலும் கேட்பது, “எவ்வளவு மெல்லிய ஒலியைப் பிடிக்கும்?” என்பது. மேளத்துக்குக் கேட்க வேண்டியது, “எவ்வளவு வலிய ஒலியைத் தாங்கும்?” என்பது. தவிலுக்கு மிக அருகில் ஒலியின் உச்சம் 100 தெசிபெலை எளிதிற் கடக்கும். ஒலிவாங்கியின் விவரத்தாளிலே தாங்கத்தக்க உச்ச ஒலியழுத்தம் என்னும் வரியைப் பார்த்து, 130 தெசிபெல் அளவில் தாங்குவதைத் தெரிதல் நலம். சுருளும் காந்தமும் கொண்ட டைனமிக் ஒலிவாங்கி முரட்டு ஒலியைத் தாங்கும். தவிலுக்கு அருகில் வைக்க ஏற்றது. கண்டென்சர் ஒலிவாங்கி நுட்பம் மிக்கது. பதிவுக்கருவியிலிருந்து 48 வோற்று வேண்டி நிற்பது. தூரத்தில் நின்று முழுச் சமாவையும் வாங்க உகந்தது. இரண்டு ஒலிவாங்கிகள் தன்னிலேயே பொருந்திய கையடக்கக் கருவி ஒன்றும், உயர்ந்த தாங்கி ஒன்றும் தொடக்கத்துக்குப் போதும்.

ஒலிபெருக்கிக்காரரிடமிருந்து நேரே வடம் பெற்றுப் பதிவோரும் உளர். ஒலிபெருக்கிக்குள் எது எவ்வளவு செல்கின்றதோ அதுவே அவ்வடத்தில் வரும். இயல்பாகவே உரத்த தவிலுக்கு அவர் குறைவாகவே வைப்பார்; அறிவிப்பாளர் குரலுக்கு மிகுதியாக வைப்பார். ஆகவே அதனைத் துணைப்பதிவாகக் கொள்ளலாம், தனிப்பதிவாகக் கொள்ளலாகாது. அவ்வடத்தை ஒலிவாங்கிக்குரிய துளையிற் செருகினால் ஒலி நிரம்பிச் சிதையும். அதற்குரிய துளை வேறு.

பதிவோனின் செவியும் ஒரு கருவியே. 100 தெசிபெல் ஒலியை 15 நிமிடத்துக்கு மேற் கேட்பது செவிக்குத் தீங்கு என்று அறிவியலார் வரையறுத்துள்ளனர். என் மாணவர் செவியடைப்பான் இன்றி மேடையருகே நிற்க யான் இசைவதில்லை.

நான்கு மணிநேரச் சமா 24 பிற்று, 48 கிலோஹேட்ஸ் அளவில் ஏறக்குறைய 4 கிகாபைற்று இடமே கொள்ளும். 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்திலே மூன்று நான்கு நிமிடமே அடங்கிய காலத்தில், திருவாவடுதுறை இராஜரத்தினம்பிள்ளை தம் தோடியைச் சுருக்கித் தர வேண்டியிருந்தது. இணுவிலிற் பிறந்து 1975இல் மறைந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் வாசிப்பிலே நமக்கு எஞ்சியது, அவர் வாசித்தவற்றுள் மிகச் சிறு பங்கே. இன்று இடத்துக்குப் பஞ்சமில்லை. கவனத்துக்கே பஞ்சம்.

பதிவு முடிந்ததும் செய்ய வேண்டியவை இரண்டு. கலைஞர் பெயர், இராகம், தாளம், இடம், திகதி ஆகியவற்றை அப்பொழுதே குரலாற் சொல்லிப் பதிதல் ஒன்று. வெவ்வேறு இடங்களிலே மூன்று படிகள் வைத்தல் மற்றொன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, வேறு படி இல்லாத ஏடுகள் அங்கேயே முடிந்தன. கலைஞரின் இசைவைப் பெற்றே பதிய வேண்டும் என்பதும், ஒரு படி அவர் இல்லத்துக்கே முதலிற் செல்ல வேண்டும் என்பதும் சொல்லாமலே அமையும்.

கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழும் நம் பழைய மாணவர்கள் திருவிழாவுக்கு ஊர் வரும்போது நல்ல கைப்பேசிகளோடு வருகின்றனர். அவர்களிடம் யான் வேண்டுவது பெரிதன்று. ஒரு பதிவுக்கருவி, ஒரு தாங்கி, ஒரு மயிருறை. இவற்றை நம் கல்லூரிக்கு அளியுங்கள். இயக்குவதற்கு மாணவர் இருக்கின்றனர்; பழக்குவதற்கு யான் இருக்கின்றேன். பதிந்தவற்றுக்குக் கல்லூரி நூல்நிலையத்திலே ஒரு தட்டு ஒதுக்கலாம். இப்பகுதியிலே எழுபது வயதைக் கடந்தும் வாசிக்கும் வித்துவான்களை யான் விரல்விட்டு எண்ணியிருக்கின்றேன். ஒரு கை விரல்களே போதுமாயின. வரும் ஆடி ஆவணித் திருவிழாக்களுக்கு முன் இவ்வேலை தொடங்குதல் வேண்டும்.