பத்தொன்பதை விடப் பத்து பெரிது!



பத்தொன்பது பெரிதா, பத்து பெரிதா? "இது என்னடா கேள்வி, ஒண்ணாங்கிளாஸ் பையன்கூடச் சொல்லுவானே" என்று சிரிக்க வேண்டாம். இந்தக் கேள்வியால் எங்கள் ஹாஸ்டலில் மூன்று நாள் மெஸ் சாப்பாடு ஆறிப்போனது!

விஷயம் இதுதான். கம்யூனிகேஷன் லேபில் ஆளுக்கொரு தலைப்பில் ஐந்து நிமிடம் பேச வேண்டும். நான் எடுத்துக்கொண்டது அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் விளையாட்டு வரலாறு. சுருக்கமாக யு.சி.எல்.ஏ. என்பார்கள். அந்த நாட்டில் கல்லூரிகளுக்கு இடையே போட்டி நடத்துகிற அமைப்புக்கு என்.சி.ஏ.ஏ. என்று பெயர். அதன் சாம்பியன் பட்டங்களை நூற்றுக்கும் மேல் குவித்திருக்கிறது இந்த ஒரு பல்கலைக்கழகம். அப்படியானால் அங்கே இருந்த கோச்களில் மிகப் பெரியவர் யார்? ரூமில் ஒத்திகை பார்க்கும்போது சும்மா கேட்டு வைத்தேன். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது!

வாலிபால் டீமில் ஆடும் என் நண்பன்தான் முதலில் கையைத் தூக்கினான். "இதுல பேச என்னடா இருக்கு? ஆல் ஸ்கேட்ஸ்!" என்றான். அவன் சொன்னதில் நியாயம் உண்டு. ஸ்கேட்ஸ் 1963 முதல் 2012 வரை அங்கே ஆண்கள் வாலிபால் அணியின் கோச். 1970-ல் என்.சி.ஏ.ஏ. முதன்முதலாக ஆண்கள் வாலிபால் போட்டி நடத்தியபோது பட்டம் வென்றது அவருடைய அணிதான். மொத்தம் 19 பட்டங்கள். 1,239 வெற்றிகள். மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கிய கார்ச் கிராய் அவரிடம் ஆடிய மாணவர். இதைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று. இந்த மனிதர் பல ஆண்டுகள் பகலில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி ஆசிரியராக வேலை பார்த்துவிட்டு, அதன் பிறகு பல்கலைக்கழகத்துக்கு வந்து கோச்சிங் கொடுத்திருக்கிறார்!

பாஸ்கெட்பால் ஆடுகிற எதிர் ரூம் அண்ணன் விடுவாரா? "ஜான் வுடன் இருக்கிற ஊர்ல வேற யாருடா கோச்?" என்று ஆரம்பித்தார். வுடன் வாங்கியது 10 பட்டங்கள். 1964 முதல் 1975 வரை பன்னிரண்டே ஆண்டுகளில் பத்து! அதில் 1967 முதல் 1973 வரை தொடர்ந்து ஏழு. அவருடைய அணி வரிசையாக 88 ஆட்டங்களில் தோற்கவே இல்லை. 1974 ஜனவரியில்தான் அந்தத் தொடர் முடிவுக்கு வந்தது. "வாலிபால் அப்போ எத்தனை காலேஜ்ல ஆடினாங்க? பாஸ்கெட்பால் ஊர் ஊரா ஆடினாங்கடா. பத்துன்னா சும்மாவா?" என்பது அண்ணனின் கட்சி.

"ஆமா, நாட்டிலேயே நல்ல பிளேயரை எல்லாம் கூட்டிட்டு வந்தா எங்க பி.டி. சாரும்தான் ஜெயிப்பார்!" என்றான் வாலிபால் நண்பன். அதோடு ஒரு குண்டையும் போட்டான். வுடன் காலத்து வீரர்களுக்கு ஒரு பணக்கார ரசிகர் விதிக்குப் புறம்பாகச் சலுகைகள் செய்தார் என்று பின்னாளில் பத்திரிகைகள் எழுதினவே, அதற்கு என்ன பதில் என்று கேட்டான். அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. வுடன் கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டார் என்ற பழி இன்றும் சிலர் வாயில் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு வாதம் செய்வது முறையல்ல.

லேபில் நான் பேசி முடித்ததும் வகுப்புத் தோழி ஒருவர் எழுந்தார். "லேடீஸ் கோச் யாருமே உங்க கண்ணுக்குத் தெரியலையா?" என்றார். சரியான அடி! அவர் சொன்னது வேலரி கோண்டோஸ் ஃபீல்ட் பற்றி. மாணவிகள் 'மிஸ் வேல்' என்றே கூப்பிடுவார்களாம். பாலே நடனம் ஆடியவர், ஜிம்னாஸ்டிக்ஸ் ஆடியவரே அல்ல! நடனம் சொல்லிக்கொடுக்க வந்து, தலைமைக் கோச் ஆகி, 1997-க்கும் 2018-க்கும் இடையில் 7 பட்டங்கள் வாங்கி, 2019-ல் ஓய்வு பெற்றார். ஆரம்பத்தில் மற்ற கோச்களைப் பார்த்துத் தானும் கடுகடுவென்று இருந்து பார்த்திருக்கிறார். சரிப்படவில்லை. விட்டுவிட்டுப் போகலாம் என்று நினைத்த நேரத்தில் அவரைத் திருப்பியது வுடன் எழுதிய புத்தகம். சிறு வயதிலேயே பெயர் வாங்கி, காயமும் கடுஞ்சொல்லும் பட்டு, விளையாட்டே வெறுத்துப்போய் வந்த கேட்லின் ஓஹாஷி என்ற மாணவி, 2019 ஜனவரியில் சிரித்துக்கொண்டே ஆடி முழுசாகப் பத்துக்குப் பத்து வாங்கினாரே, அந்த வீடியோவை நம்மில் பலர் பார்த்திருப்போம். அவர் மிஸ் வேலின் மாணவிதான்.

ஆக மூன்று பேர். மூவரும் மலைகள்தான். இருந்தாலும் என் ஓட்டு ஜான் வுடனுக்கு. பத்துக் கோப்பைக்காக அல்ல நண்பர்களே, ஒரு ஜோடி சாக்ஸுக்காக!

வுடன் இண்டியானா மாநிலத்தில் ஒரு பண்ணையில் வளர்ந்தவர். வீட்டில் கரண்ட் கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது. படித்து, உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியராக இருந்தவர். 1947-ல் இண்டியானாவில் ஆசிரியர் கல்லூரி ஒன்றில் கோச்சாக இருந்தபோது தேசியப் போட்டி ஒன்றுக்கு அவருடைய அணிக்கு அழைப்பு வந்தது. ஆனால் கறுப்பின வீரர்கள் ஆடக்கூடாது என்று விதி. அணியில் கிளாரன்ஸ் வாக்கர் என்ற கறுப்பின மாணவர் இருந்தார். அந்தப் பையன் இல்லாமல் போகத் தேவையில்லை என்று அழைப்பையே மறுத்துவிட்டார் வுடன். மறுவருடம் விதி மாறியது, வாக்கரும் ஆடினார்.

1948-ல் யு.சி.எல்.ஏ.வுக்கு வந்தார். முதல் பட்டம் கிடைத்தது 1964-ல். நடுவில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கோப்பை கைக்கு வரவில்லை! மல்யுத்தக்காரர்களும் ஜிம்னாஸ்டிக்ஸ்காரர்களும் பக்கத்திலேயே பயிற்சி எடுக்கும் பழைய ஜிம்தான் அவருக்குக் கிடைத்தது. பயிற்சிக்கு முன்னால் தரையைத் தானே துடைப்பாராம்.

அவருடைய முதல் நாள் பாடம் என்ன தெரியுமா? பந்து இல்லை. சாக்ஸ் போடுவது எப்படி, ஷூ லேஸ் கட்டுவது எப்படி! சாக்ஸில் சுருக்கம் விழுந்தால் காலில் கொப்புளம் வரும். கொப்புளம் வந்தால் ஓட முடியாது. அதனால் விரல் பக்கமும் குதிகால் பக்கமும் சுருக்கம் நீவி விடச் சொல்லிக் கொடுப்பார். பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார் என்று உலகம் அறிந்த, 7 அடி 2 அங்குலம் உயரமுள்ள மாணவர் வந்தார். நாடே வலைவீசித் தேடிய வீரர். அவருக்கும் அதே சாக்ஸ் பாடம்தான்! 1974-75 சீசனில் இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் வுடன் பயிற்சி கொடுப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்கள். அவர் பேசியதில் சுமார் முக்கால் பங்கு 'இப்படிச் செய், இப்படிச் செய்யாதே' என்ற விவரம்தான். புகழ்ச்சியும் குறைவு, திட்டும் குறைவு.

இது ஏன் என் மனசில் ஆணி அடித்த மாதிரி நின்றது என்று சொல்கிறேன். என் அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர். எங்கள் வீட்டில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் நான்தான். முதல் வருடம் ஓர் ஆபீசில் "போனஃபைட் வாங்கிட்டு வா" என்றார்கள். அது காகிதமா, சாமானா என்று எனக்குத் தெரியாது. கேட்டதற்குக் கிடைத்த பதில், "இதுகூடத் தெரியாமலா படிக்க வந்தே?" வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். வீட்டில் சொன்னால் அப்பாவுக்கு மனசு கஷ்டப்படும் என்று சொல்லவில்லை. படிப்பே வேண்டாம் என்று அன்று ராத்திரி பெட்டியைக்கூடக் கட்டிவிட்டேன்.

அதே வாரம் ஃபிட்டிங் ஷாப்பில் முதல் வகுப்பு. அங்கே இருந்த சார், "எல்லாரும் கிட்ட வாங்கப்பா" என்று கூப்பிட்டு, ஃபைல் பிடிப்பதிலிருந்து ஆரம்பித்தார். வலது உள்ளங்கையில் கைப்பிடி, இடது கை நுனியில், இடது கால் முன்னால். தள்ளும்போது அழுத்தம், இழுக்கும்போது அழுத்தம் கூடாது. எங்கள் வகுப்பில் ஒருவனுடைய அப்பா சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறார். "சார், எனக்குத் தெரியும்" என்றான் அவன். "தெரிஞ்சா நல்லது, நீயும் பிடி" என்றார் சார். நாற்பது பேரும் பிடித்தோம். அதில் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்று எவனுக்கும் தெரியவில்லை! என் பெட்டியை அன்றைக்கே பிரித்து வைத்தேன்.

வுடனின் பெருமை அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி. எல்லோருக்கும் சாக்ஸிலிருந்து சொல்லிக் கொடுத்தால், தெரியாதவன் தலை குனிய வேண்டியதில்லை. தெரிந்தவனுக்கும் நஷ்டம் ஒன்றுமில்லை, அவன் காலிலும் கொப்புளம் வராது! கெட்டிக்காரனை ஜெயிக்க வைக்கும் கோச்கள் பலர் உண்டு. ஒன்றும் தெரியாமல் வந்தவனையும் நாடறிந்த வீரனையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து ஒரே பாடம் எடுத்தவர் பெரியவரா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.

வாலிபால் நண்பன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. "பத்தொன்பது பத்தொன்பதுதான்டா" என்கிறான். சொல்லட்டும்! அடுத்த ஜூனியர் பேட்ச் வரும்போது ஹாஸ்டல் வாசலில் நானும் அவனும் சேர்ந்துதான் நிற்கப் போகிறோம். போனஃபைட் என்றால் என்ன, லேப் ரெக்கார்டு எப்படி எழுத வேண்டும், வெர்னியரில் அளவு எப்படிப் பார்க்க வேண்டும் என்று கேட்காமலே எல்லோருக்கும் சொல்லப் போகிறோம். நீங்களும் வாங்க நண்பர்களே. "இதுகூடத் தெரியாதா?" என்ற ஒரு வார்த்தையை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாங்க!

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்