நான் மறைக்கச் சொன்ன சீட்டு

படிப்பில் சரிந்துகொண்டிருந்த மாணவன் ஒருவன், தனக்கு என்னவோ சரியில்லை என்று தானே உணர்ந்து, மருத்துவரைப் பார்த்து, அதற்கான சீட்டோடு என்னிடம் வந்தான். அதை மறைக்கச் சொன்னவன் நான்.

திருவனந்தபுரத்தில் கல்லூரி ஆசிரியராக இருக்கிறேன். அவன் மார்த்தாண்டம் பக்கத்துப் பையன். முதலாண்டில் ஒரு வகுப்பையும் தவறவிடாதவன், இரண்டாமாண்டில் காலை வகுப்புகளுக்கு வருவதை நிறுத்தினான். இன்டர்னல் மதிப்பெண் இறங்கியது. ரெக்கார்டு பாதியில் நின்றது. விடுதியில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் மெஸ்ஸுக்கு வருகிறான் என்று நண்பர்கள் சொன்னார்கள். இத்தனையும் எனக்குத் தெரியும். பாதி, பதிவேட்டில் என் கையாலேயே எழுதியது. சோம்பல் என்று முடிவுகட்டி, அவன் அப்பாவிடமும் போனில் அதையே சொன்னேன்.

மனச்சோர்வு வந்தவருக்குத் தூக்கம் கெடும், கவனம் நிற்காது, படித்தது தங்காது, எழுந்து குளிப்பதே பெரும்பாடாகும். இரண்டு வாரத்துக்கு மேல் இது நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மனநோய்களில் பெரும்பாலானவை 24 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன. கல்லூரி ஆசிரியர் முதலில் படித்திருக்க வேண்டிய பாடம் இது. நான் பிறகுதான் படித்தேன்.

தேர்வெழுத 75 சதவீத வருகை வேண்டும். அது குறைந்ததால், குறைவைப் பொறுத்துத் தேர்வெழுத விடக் கேட்கும் காண்டனேஷன் விண்ணப்பம் கொண்டுவந்தான். அதில் இணைத்திருந்தது ஒரு மனநலப் பிரிவின் சீட்டு.

“இது வேண்டாம் மக்கா. பேரு கெட்டுப்போவும். காய்ச்சல்னு ஒரு சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வா” என்றேன்.

அக்கறையோடுதான் சொன்னேன். ஆனால் அந்த அக்கறைக்குள் இருந்தது வெட்கம். 1870இல் தொடங்கிய ஊளம்பாறை மனநல மருத்துவமனையின் பெயரை இந்த நகரம் இன்றும் கேலியாகச் சொல்கிறது. ஆசிரியர் அறையில் நானும் அப்படிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

காய்ச்சல் சான்றிதழ் வந்தது, அனுமதியும் கிடைத்தது. ஆனால் மனநலப் பிரிவில் தந்த மாத்திரையை அவன் நிறுத்திவிட்டான். “நீங்களே மறைக்கச் சொன்னப்போ, அங்க போனதே தப்புன்னு தோணிச்சு சார்” என்று பின்னர் சொன்னான். ஓராண்டு வீணாயிற்று. பிறகு சிகிச்சையைத் தொடர்ந்து பட்டம் வாங்கினான். 2022இல் இந்தியாவில் 13,000க்கும் அதிகமான மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாக தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவுசெய்திருக்கிறது. அவன் அந்தக் கணக்கில் சேராததற்கு நான் காரணமல்ல. மன்னிப்புக் கேட்டேன், மன்னித்தான். அதனால் என் தவறு சிறிதாகிவிடவில்லை.

மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவரை உடல்நோய்க்குச் சிகிச்சை பெறுபவருக்குச் சமமாக நடத்த வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். விவரத்தை ரகசியமாகக் காக்கவும் சொல்கிறது. அவன் பெயர் கெடக் கூடாது என்றால், அந்தச் சீட்டு பலர் கண்ணில் படாமல் நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பொய்ச் சான்றுக்கு அனுப்பியிருக்கக் கூடாது. கேரளத்தின் திசா உதவி எண் 1056, நாடு முழுவதற்குமான டெலி மானஸ் 14416 ஆகிய இரண்டையும் இப்போது என் மாணவர்கள் எல்லோருக்கும் கொடுக்கிறேன்.

சக ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: நன்றாகப் படித்த பிள்ளை திடீரென்று மாறினால், ஏன் வரவில்லை என்று அதட்டுவதற்கு முன், தூங்குகிறாயா, சாப்பிடுகிறாயா என்று கேளுங்கள். மருத்துவரின் சீட்டோடு வந்தால், அதை அப்படியே ஏற்றுக் கையெழுத்திடுங்கள்.