யானை தெரியுது... எந்திரிக்காதீங்க!

மதுரை, திண்டுக்கல், விருதுநகர் பக்கத்து இன்ஜினீயரிங் காலேஜ்களில் ஐ.வி. என்றால் அதற்கு ஒரு எழுதப்படாத டைம்டேபிள் உண்டு. காலையில் ஏதோ ஒரு ஃபேக்டரி (யாரும் கவனிக்க மாட்டோம்), மதியம் பிரியாணி, சாயங்காலம் தேக்கடி போட்டிங். ரிப்போர்ட்டில் மட்டும் ஃபேக்டரி பற்றி பத்து பக்கம் இருக்கும். இந்தக் கட்டுரை அந்த ரிப்போர்ட்டில் வராத மூன்றாவது ஐட்டத்தைப் பற்றி.

முதலில் ரூட். தேனியில் பென்னிகுயிக் பேர் வைத்த பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்புங்கள். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். ரெண்டு பக்கமும் மலை, நடுவில் வாழை, நெல், தென்னை. கம்பம் நெருங்கினால் பந்தல் போட்ட பன்னீர் திராட்சை. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய திராட்சை இது, சும்மா இல்லை. ஆனி, ஆடியில் வந்தால் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தவன் தலையைச் சீவுவதே வேஸ்ட். மேற்கிலிருந்து கணவாய் வழியாகப் புகுந்து வரும் காற்று அப்படி. அதனால்தான் தேனி மாவட்டத்தில் இத்தனை காற்றாலைகள். இவ்வளவு காற்று இருந்தும் இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு பாய்மரப் படகுகூட நம் கண்ணில் படாது என்பதுதான் காமெடி. அதைப் பார்க்க நீங்கள் சென்னைக்குத்தான் போகணும். 1911-லிருந்தே அங்கே யாட் கிளப் இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்குத் தகுதி பெற்று, இந்தியப் பெண்களில் முதல் ஆளாகப் பாய்மரப் படகில் இறங்கிய நேத்ரா குமணன் சென்னைப் பொண்ணு.

சரி, லோயர் கேம்ப். இங்கே பஸ் மூச்சு வாங்கும். மலையிலிருந்து நாலு ராட்சசக் குழாய்கள் இறங்கி பவர் ஹவுஸுக்குள் போவதைப் பார்க்கலாம். மேற்கே அரபிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே நம் பக்கம் திருப்பியதன் சாட்சி அது. 1895 அக்டோபரில் திறந்த அணை. குத்தகை ஒப்பந்தம் 1886, 999 வருஷத்துக்கு. பென்னிகுயிக் மணிமண்டபம் இங்கேதான், 2013 ஜனவரி 15-ல் திறந்தார்கள். இறங்கிப் பார்த்துவிட்டே போங்கள். மேலே நீங்கள் போட்டில் சுற்றப்போகிற ஏரியே அந்த அணை தேக்கி வைத்த தண்ணீர்தான். ஏரியின் நடுவில் கறுப்பாக நிற்கும் மொட்டை மரங்கள் அன்றைக்கு மூழ்கிய காடு. நூற்றி முப்பது வருஷமாக தண்ணீரிலேயே நிற்கின்றன.

இப்போ ஒரு கேள்வி. பக்கத்தில் கடலும் இல்லை, படகு ஏறி வருகிற மாதிரி ஆறும் இல்லை. மலை மேல் இருக்கிற ஏரிக்கு போட் எப்படி வந்தது?

ரெண்டே வழிதான். கரையில் வைத்துக் கட்டணும், இல்லையென்றால் ரோடு வழியாகத் தூக்கி வரணும். நம்ம பக்கத்து வீட்டுக் கதை ஒன்று: 1863-ல் கொடைக்கானல் ஏரியை உருவாக்கிய லெவிஞ்ச் துரை, முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தார் என்று சொல்வார்கள். அப்போது கொடைக்கு மோட்டார் ரோடே கிடையாது. அந்தப் படகு மலையேறியதைக் கற்பனை செய்து பாருங்கள்!

இன்றைக்கு டிரெய்லர் இருக்கிறது. காருக்குப் பின்னால் படகைக் கட்டி, சரிவான சிமென்ட் ரேம்ப்பில் ரிவர்ஸ் எடுத்து, தண்ணீரில் வழுக்கி விடுவார்கள். கேட்க ஈஸியாக இருக்கும். ஆனால் உலகம் முழுக்க படகுக்காரர்கள் மானம் போகிற இடம் இந்த ரேம்ப்தான். படகின் அடியில் தண்ணீர் வடிய ஒரு ஓட்டை இருக்கும். அதன் அடைப்பானை மாட்ட மறந்துவிட்டு இறக்குவார்கள். படகு மிதக்கும், அப்புறம் மெதுவாகக் குளிக்கும். கயிற்றை யாரும் பிடிக்காமல் தள்ளிவிட்டால் படகு மட்டும் தனியாக டூர் போகும். டிரெய்லரோடு கட்டிய பெல்ட்டை அவிழ்க்காமல் இறக்கினால் படகு மிதக்காமல் முரண்டு பிடிக்கும். சீக்கிரமே அவிழ்த்துவிட்டால் தண்ணீருக்கு முன்னாலேயே சிமென்ட்டில் விழும். பாசி பிடித்த ரேம்ப்பில் ஹேண்ட் பிரேக் பிடிக்காவிட்டால் காரும் கூடவே நீச்சல்.

பாய்மரப் படகு என்றால் இன்னும் ஒரு ஆபத்து. பாய்மரத்தைக் கரையிலேயே நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் பெரும்பாலும் உருட்டுவார்கள். அலுமினிய மரம், தலைக்கு மேலே கரன்ட் கம்பி. பார்க்கிங்கிலிருந்து ரேம்ப்புக்கு உருட்டும் அந்த ஐம்பது மீட்டரில் உயிரே போயிருக்கிறது. அதனால் அனுபவசாலிகள் முதலில் அண்ணாந்து பார்ப்பார்கள், அப்புறம்தான் தண்ணீரைப் பார்ப்பார்கள்.

இதெல்லாம் உடனே தெரிந்துவிடும் தப்புகள். இன்னொரு வகை இருக்கிறது. படகு அழகாக இறங்கும், மிதக்கும், டிக்கெட் விற்கும். தப்பு உள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

2009 செப்டம்பர் 30. தேக்கடியில் கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஜலகன்யகா', ரெண்டு தட்டு ஃபைபர் போட். தண்ணீருக்கு வந்து ரெண்டு மாசம்கூட ஆகாத புது போட். 75 பேர் ஏற வேண்டியதில் அதைவிட அதிகமாக ஏறியிருந்தார்கள். சாயங்காலம், மணக்கவலை பக்கம், கரையில் மிருகங்கள். மேல்தட்டில் இருந்தவர்கள் பார்ப்பதற்காக ஒரே பக்கம் போனார்கள். போட் சாய்ந்தது, திரும்ப நிமிரவில்லை. 45 பேர் இறந்துபோனார்கள். யாருக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடவில்லை. கீழ்த்தட்டில் இருந்த பலர் உள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். நீதிபதி மொய்தீன்குஞ்சு கமிஷன் விசாரித்தது. கூட்டம், போட்டின் டிசைன், பாதுகாப்பில் அலட்சியம் என்று பல விஷயங்கள் வெளியே வந்தன.

ஆனால் நியூஸில் அப்போது அதிகம் அடிபட்ட வரி, 'பயணிகள் ஒரு பக்கம் ஓடியதால் கவிழ்ந்தது' என்பதுதான். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. யானை பார்க்கக் கூட்டிப்போகிற போட்டில் யானை தெரிந்தால் எந்திரிக்கத்தான் செய்வார்கள். அது தெரிந்துதானே போட்டைக் கட்டியிருக்கணும்?

இதற்குப் பதில் நம்ம செகண்ட் இயர் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேபில் இருக்கிறது. ஞாபகம் வருதா? தண்ணீர்த் தொட்டி, அதில் மிதக்கும் ஒரு தகரப் பெட்டி, மேலே நகர்த்துகிற ஒரு எடைக்கல், சாய்வைக் காட்ட ஒரு தொங்கும் ஊசி. 'மெட்டாசென்ட்ரிக் ஹைட் கண்டுபிடி' என்று எக்ஸ்பெரிமென்ட். எங்கள் லேபில் அந்தப் பெட்டி துருப்பிடித்து ஓட்டை விழுந்து கிடக்கும். சீனியர் ரெக்கார்டிலிருந்து ரீடிங் காப்பி அடித்துதான் ஒட்டுமொத்த கிளாஸும் பாஸ்.

விஷயம் இதுதான். படகு சாயும்போது, தண்ணீர் அதை மேலே தள்ளுகிற மையமும் சாய்ந்த பக்கமாக நகரும். அந்தத் தள்ளல் படகைத் திருப்பி நிமிர்த்தும், புவியீர்ப்பு மையம் தாழ்வாக இருக்கிற வரைக்கும். மெட்டாசென்டர் என்கிற புள்ளி புவியீர்ப்பு மையத்துக்கு எவ்வளவு மேலே இருக்கிறதோ, அவ்வளவு சேஃப். ஆட்கள் மாடி ஏறினால் புவியீர்ப்பு மையமும் கூடவே ஏறும், அந்த இடைவெளி சுருங்கும்.

ஒரு கணக்கு போடலாம். (ஜலகன்யகாவின் கணக்கு இல்லை, சும்மா எண்கள்.) ஆட்களோடு சேர்த்து 20 டன் போட். அந்த இடைவெளி 50 சென்டிமீட்டர். 50 பேர், ஆளுக்கு 60 கிலோ, மொத்தம் 3 டன், ஒரு மீட்டர் பக்கவாட்டில் நகர்கிறார்கள். 3-ஐ, 20 பெருக்கல் 0.5 ஆல் வகுத்தால் 0.3. சாய்வு சுமார் 17 டிகிரி. இப்போது அதற்கு முன்னாலேயே 30 பேர் கீழ்த்தட்டிலிருந்து 2.2 மீட்டர் உயரத்திலிருக்கும் மேல்தட்டுக்குப் போய்விட்டார்கள் என்று வையுங்கள். புவியீர்ப்பு மையம் கிட்டத்தட்ட 20 சென்டிமீட்டர் ஏறிவிடும், மிச்சம் 30. அதே ஆட்கள், அதே ஒரு மீட்டர். சாய்வு 27 டிகிரிக்குப் பக்கத்தில்! 27 டிகிரியில் யாரும் நின்ற இடத்தில் நிற்க முடியாது, எல்லோரும் சரிந்து அதே பக்கம் விழுவார்கள். அப்புறம் கால்குலேட்டரே தேவையில்லை.

இது தேக்கடிக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. ஸ்வீடன் ராஜா ஆசையாகக் கட்டிய 'வாசா' போர்க்கப்பல், 1628 ஆகஸ்ட் 10 அன்று முதல் பயணத்தில் 1,300 மீட்டர் போய் மூழ்கியது. இதில் கொடுமை என்னவென்றால், அதற்கு முன்பே டெஸ்ட் செய்திருந்தார்கள். 30 பேரை மேல்தட்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிட்டார்கள். கப்பல் பயங்கரமாக ஆடியதும் 'போதும், நிறுத்து' என்று ஓட்டத்தைத்தான் நிறுத்தினார்கள், கப்பலை இல்லை! 1915 ஜூலை 24-ல் சிகாகோவில் 'ஈஸ்ட்லேண்ட்' கப்பல், கரையில் கட்டியிருந்தபடியே கவிழ்ந்தது. கம்பெனி பிக்னிக் போக ஏறியவர்கள். 844 பேர் இறந்தார்கள். கரை கை எட்டும் தூரம்.

பாய்மரப் படகு ஓட்டுகிறவர்கள் இந்த விஷயத்தில் நமக்கு நேர் எதிர். காற்று ஒரு பக்கம் சாய்த்தால் அவர்கள் எதிர்ப்பக்க விளிம்புக்கு ஓடி, உடம்பை வெளியே தொங்கவிட்டு பேலன்ஸ் செய்வார்கள். நேத்ரா குமணன் வீடியோ பாருங்கள், முக்கால்வாசி நேரம் படகுக்கு வெளியேதான் இருப்பார். நாம்? சாய்கிற பக்கம்தான் யானை இருக்கும், அங்கேயே கும்பலாக நிற்போம்.

இப்போது தேக்கடியில் லைஃப் ஜாக்கெட் மாட்டாமல் போட் கிளம்பாது. ஆரஞ்சு கலரில் போட்டோவுக்கு நல்லா இல்லை என்று நடுவில் கழற்றுகிற ஹீரோ ஒருத்தர் எல்லா பேட்ச்சிலும் இருப்பார். அவரை கிளாஸ் ரெப் கையில் ஒப்படைத்துவிடுங்கள். சீட் எங்கே கொடுத்தார்களோ அங்கேயே உட்காருங்கள். மேலே இருக்கிற ஃப்ரெண்டோடு செல்ஃபி எடுக்க மாடி ஏறாதீர்கள், அந்த 20 சென்டிமீட்டர் ஞாபகம் இருக்கட்டும். காட்டுமாடோ யானையோ தெரிந்தால் உங்கள் பக்கத்து ஆளுக்கு விரலால் காட்டுங்கள், குரலை உயர்த்தாமல். 'மச்சி, யானைடா!' என்று கத்தினால் யானையும் போகும். ஒரு ரவுண்டில் ஒன்றுமே தெரியவில்லை என்றால் அந்தக் கறுப்பு மரங்கள் இருக்கவே இருக்கின்றன. அவற்றின் மேல் நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். செம போஸ் கொடுக்கும், கிட்டப் போனாலும் அசையாது.

திரும்பும்போது குமுளி பார்டரில் ஏலக்காய் வாங்குகிறவர்கள் பேரம் பேசித்தான் வாங்கணும். மலை இறங்கியதும் லோயர் கேம்ப்பில் டீ குடித்துவிடுங்கள், அந்த நேரத்துக்குக் காற்று கிளம்பியிருக்கும்.